தழைத்த முருங்கை

மணவறையில் கட்டிய கல்யாண முருங்கைக் கிளையை, கல்யாணம் முடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் நடுவது வழக்கம். அது தழைத்தால் பெண்ணும் தழைப்பாள். மகள் மோகனாவைத் தங்கள் மலையூரான ரிங்லெட்டின் கோயில் மண்டபத்தில் மகேனுக்குக் கட்டிக்கொடுத்து, அவன் ஊரான கிள்ளானுக்கு அனுப்பிவைத்த கையோடு ஜெயா கிளையை நட்டாள். ஒரே மாதத்தில் அது அழுகிப்போனது. இருபது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவளுக்கு எது உறங்குகிறது, எது செத்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்காகச் சும்மா இருந்துவிட முடியுமா? வேலைக்குக் கிளம்புமுன் கோயில் வேலியில் நின்ற கல்யாண முருங்கையில் ஒரு கிளையை வெட்டி வந்து அதே குழியில் செருகினாள். அதுவும் அழுகியது. மூன்றாவது பிழைத்தது. எத்தனையாவது கிளை என்று சாமி தோண்டியா பார்க்கப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். புருஷன் சிவசாமியிடம்கூட மூச்சுவிடவில்லை.

மரம் மளமளவென்று வளர்ந்தது. தோட்டத்து லய வீடுகளிலிருந்து சனம் வந்து பார்த்து மெச்சியது. சிவசாமி அதன் நிழலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தத் தொடங்கினான். மாதாமாதம் ஜெயா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்புவாள். மகள் ஒரு கும்பிடு அனுப்புவாள். சௌக்கியமா என்று ஜெயா கேட்டதில்லை. மரம்தான் சொல்கிறதே.

மூன்றாம் வருஷம் மரம் சிவக்கச் சிவக்கப் பூத்தது. அதே வாரம் மோகனா இரண்டு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது.

"மாப்பிள்ளை வரலியா?"

"வரமாட்டாரு. நானும் இனிமே அங்க போகமாட்டேன்மா."

ஜெயா அவளைப் பின்பக்கம் அழைத்துப்போய் மரத்தைக் காட்டினாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"எப்படிப் பூத்திருக்கு பாரு. மாப்பிள்ளைகிட்ட பேசிப் பாக்கலாம் லா."

"நாலாம் மாசமே அடிச்சாரு. அன்னிக்கே பையைக் கட்டிட்டேன்," என்றாள் மோகனா. "அப்பத்தான் நீ துளிர் விட்ட படம் அனுப்புன. மரம் நல்லாத்தானே இருக்கு, நாமதான் பொறுத்துப் போகணும்னு பையைப் பிரிச்சிட்டேன். அதுக்கப்புறம் எத்தனையோ தடவ கட்டியாச்சு. ஒவ்வொரு தடவையும் உன் படம் வந்துரும்."

ஜெயா மரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"இது உன் மரம் இல்ல," என்றாள். "உன்னோடது மொத மாசமே செத்துப்போச்சு. இது நான் கோயில் வேலியில வெட்டிவந்து வெச்சது."

மோகனா கோபப்படவில்லை. அதைத்தான் ஜெயாவால் தாங்க முடியவில்லை.

"அந்தச் செத்த கிளையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கலாம்ல," என்றாள் மோகனா. "அப்பவே வந்திருப்பேன்மா."