அந்த மூன்று கிலோமீட்டர்

1

இந்தக் கதை எனக்கு டெலிபோனில் கிடைத்தது. யார் யாரிடம் பேசியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகளின் மேல் அந்தி...' சகிக்கவில்லை. கார் மைலேஜ் குறைந்த கதைக்கு அந்தி எதற்கு?

2

2004, சித்திரை வெயில். மனோகரன் வேதாரண்யத்துக்காரன். அப்பாவோடு படகேறாமல் ஸ்டியரிங் பிடிக்க வந்தவன். பெரியநாயகசாமி வீட்டு டீசல் காரை ஒன்றரை வருடமாக ஓட்டுகிறான். அவர் மகன் ஆல்பின் குவைத்திலிருந்து பணம் அனுப்பி வாங்கிய கார். லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் ஓடியது, இரண்டு மாதமாகப் பதினொன்றுதான் ஓடுகிறது.

"மூணு கிலோமீட்டரு எங்கடா போவுது, மனோகரா?" என்றார் பெரியவர்.

குரலை உயர்த்தவில்லை. அதுதான் மனோகரனைப் பயமுறுத்தியது. டீசல் திருடன் என்று ஒருமுறை பேர் விழுந்தால் போதும், பட்டுக்கோட்டையில் எவனும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டான்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்குறேன். அப்பறம் நீ ஊரப் பாத்துப் போயிடு."

3

மெக்கானிக் ஜெக்கரியா ஏர் ஃபில்டரை ஊதினார். நாலு டயருக்கும் காற்றுப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். டேங்குக்கு அடியில் படுத்து ஒழுகலைத் தேடினார்.

"வண்டி மேல குத்தம் இல்ல தம்பி" என்று கையைத் துடைத்தவர், மனோகரன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

(இந்த இடத்தில் 'மனோகரன் துப்பறியத் தொடங்கினான்' என்று எழுதி அடித்துவிட்டேன். அவன் எங்கே துப்பறிந்தான்? லைசென்ஸை டேஷ்போர்டில் மறந்து வைத்துவிட்டான், அதை எடுக்க வந்தான். அவ்வளவுதான்.)

4

வியாழக்கிழமை. சாவியை வீட்டில் மாட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனால் நாலு மணிக்குத் திரும்புகிறவன், அன்று மூன்றுக்கே வந்துவிட்டான். பெரியவர் உறங்கிக்கொண்டிருந்தார். த்ரீ பேஸ் கரண்ட் வந்து தோப்பில் பம்புசெட் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில், கீற்றுக் கொட்டகையில் நின்ற காரின் எஞ்சினும் ஓடுவது கிட்டே போகும்வரை தெரியவில்லை.

கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. பின்சீட்டில் பெரியவரின் மருமகள் அக்னஸ், செல்போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருடத்தில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை.

(குறிப்பு: குவைத் போன் தினமும் செபமாலை முடிந்ததும் வரும். பெரியவர் ஸ்பீக்கரைப் போட்டு நடுக்கூடத்தில் வைப்பார். எல்லார் முன்னாலும் அக்னஸ் "நல்லா இருக்கேங்க, சாப்ட்டீங்களா" என்பாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் புருஷனோடு அவள் வாழ்ந்தது இரண்டு மாதம், மீதியெல்லாம் இந்தச் சாப்பாட்டு விசாரணைதான்.)

அவனைக் கண்டதும் இறங்கி ஓடிவந்தாள்.

"செல்லு அவரு ரகசியமா குடுத்தனுப்புனது, தம்பி. வீட்டுல எங்க பேசுனாலும் கேக்குது. இந்த வெயில்ல ஏசி இல்லாம உள்ள உக்கார முடியல. மாமாகிட்ட சொல்லிடாதீங்க."

"ஐயா என்னயத் திருடன்ங்குறாரு, அக்கா."

அது அவளுக்குத் தெரியாது.

5

ஞாயிறு. செபமாலை முடிந்தது.

"மாதா படத்தத் தொட்டுச் சொல்லு" என்றார் பெரியவர்.

மனோகரன் தொட்டான். "ஒரு சொட்டு எடுக்கலங்க, ஐயா."

"அப்ப யாரு?"

இதற்கு அவனிடம் பதில் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை. வாசற்படியில் நின்ற அக்னஸ் வாயைத் திறந்தாள்.

[முடிவு ஒன்று: அவள் சொல்லிவிடுகிறாள், செல்போனைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். முடிவு இரண்டு: மனோகரன் திருடன் பட்டத்தோடு வேதாரண்யம் பஸ் ஏறுகிறான். முடிவு மூன்று: ஜெக்கரியா ஓடிவந்து... சீ, அவர் ஏன் வரப்போகிறார்?]

அந்த நேரத்தில் போன் அடித்தது. பெரியவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஆல்பினு, நம்ம டிரைவரு டீசல் எடுக்குறான்னு நெனக்கிறேன். நிறுத்திடவா?"

கூடத்தில் இருவருக்கு உண்மை தெரியும். போனின் அந்தப் பக்கம் இருந்தவனுக்கும் தெரியும். இரண்டு மாதமாக மதியம்தோறும் அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டவன் அவன். "ஏசியப் போட்டுக்க, வேகாத" என்று சொன்னவனும் அவன்தான்.

6

அந்த ஆல்பின் நான்தான்.

மனோகரன் பயந்தது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தெரியாது. ஸ்பீக்கரில் கேட்டதெல்லாம் அவன் தொண்டையைச் செருமியது மட்டும்தான். மற்றதை அக்னஸ் பிறகு சொன்னாள், அதுவும் ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு.

இத்தனை வருடமாக எழுதி எழுதி அடிக்கிறேன், அந்த ஒரு வரி எனக்கு வரமாட்டேன் என்கிறது. வெட்கமாக இருக்கிறது. மனோகரன் இன்னும் மாதா படத்தில் கையை வைத்தபடி நிற்கிறான். வரியை உங்களிடமே தருகிறேன்.

ஆல்பின் சொன்னான்: "........................"

எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். "உங்க இஷ்டம்ப்பா" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.