மிதிக்க ஒரு ஆள்

"செருப்பைக் கழட்டிட்டு ஏறும்மா," என்று லாரிக்கு அடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

அவள் ஏற்கெனவே கழற்றியிருந்தாள். பிரேக்கை வெறுங்காலால்தான் மிதிக்க வேண்டும், காலுக்குத் தெரிவது செருப்புக்குத் தெரியாது என்பது அப்பாவின் சட்டம். ஒன்பது வயதிலிருந்து கல்யாணமாகிப் போகும்வரை இந்த லாரிக்கு மிதித்தது அவள்தான். அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. பாதியில் காலை எடுத்துவிட்டு விளையாட ஓடிவிடுவான்.

அப்பா முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். ஓடி வந்த அம்மா முதலில் குழாயைத்தான் மூடினாளாம். அதை வருகிறவர்களிடமெல்லாம் ஒரு குற்றத்தைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேன் ஏற்பாடு செய்திருந்தான் அண்ணன். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள்.

"அவரு லாரியிலதான் போவாரு."

"பிரேக்கே இல்லாத வண்டிம்மா அது. இடுகாட்டுக்கு முழுக்க இறக்கம். எங்க போய் நிக்கும்?"

"பிரேக் இருக்கு," என்றாள் அம்மா.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அழுது அழுது அம்மாவுக்கு நிதானம் தப்பிவிட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். பத்துப்பன்னெண்டு மாமாதான் நடுவில் புகுந்தார். அப்பாவின் பழைய கூட்டாளி. பத்துப்பன்னெண்டு ஸ்பேனர் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும், அவருடைய கல்யாண போட்டோவிலும் இருக்கிறது.

"பைப் எல்லாம் புதுசா போட்டுட்டாரு. காத்து எடுக்கிறதுதான் பாக்கின்னு எங்கிட்டயும் சொன்னாரு. ஒரு மணி நேரம் குடுங்க. பாப்பா மிதிக்கட்டும்."

நாற்பத்தோரு வயதுப் பாப்பா மறுபேச்சுப் பேசாமல் ஷெட்டுக்கு வந்துவிட்டாள். லாரி அவளைவிட இருபது வயது மூத்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் துருப்பிடித்த பிரேக் பைப் ஒன்று ஓட்டத்திலேயே வெடித்து, அப்பா வண்டியை ஒரு மணல் குவியலில் ஏற்றி நிறுத்தியிருந்தார். அண்ணன் எடைக்குப் போடச் சொன்னான். அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் பழைய பைப் அத்தனையையும் அறுத்தெடுத்தார். செம்புக் குழாய் வாங்கி, ஒவ்வொரு வளைவையும் கையாலேயே வளைத்துப் பொருத்தினார். அதெல்லாம் ஒற்றை ஆள் வேலை. பிரேக் பைப்புக்குள் தங்கிய காற்றை எடுப்பதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில் படுத்துச் சக்கரத்தின் நிப்பிளை, அந்தச் சின்னத் திருகை, திறக்க, இன்னொருவர் மேலே உட்கார்ந்து மிதித்துப் பிடிக்க வேண்டும். நிப்பிளை மூடும் முன்பு காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். பிறகு எல்லாம் முதலிலிருந்துதான்.

சனிக்கிழமை தவறாமல் போன் செய்வார். "பைப் எல்லாம் போட்டாச்சு. மிதிக்கத்தான் ஆள் இல்ல. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

மூன்று மணி நேரப் பயணம்தான். ஒரு வாரம் ஆபீசில் மாசக் கடைசி. ஒரு வாரம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். போன சனிக்கிழமை, வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு ஆள் வரான்ப்பா என்றாள். "சரி, மெஷினைப் பாரு. லாரி எங்க ஓடிடப் போகுது," என்று சிரித்தார். அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது. அந்த ஆளும் அன்று வரவில்லை. நேற்றிலிருந்து யார் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாலும் அவளுக்கு அந்த வாஷிங் மெஷின்தான் ஞாபகம் வந்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மிதி," என்றார் மாமா.

மிதித்தாள். காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகும். இது கால்வாசி இறங்கி, கல்லாக நின்றது. மறுபடி மிதித்தாள். அப்படியேதான்.

"பிடி."

பிடித்தாள். கீழே ஸ்பேனர் திரும்பியது. பெடல் மெல்ல இறங்கியது.

"எடு."

பின்சக்கரத்தில் மூன்று தடவை. மாமா அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார். அங்கே ஒரே தடவைதான். வெளியே வந்து, பிரேக் ஆயில் பிடித்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு குமிழி இல்லையே. எல்லாம் புது ஆயில். இது ஏற்கெனவே காத்து எடுத்த வண்டிம்மா."

"யாரு மிதிச்சாங்க?"

"நான் இல்ல."

அவள் வெறுங்காலோடு வீட்டுக்குள் போனாள். பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். குனிந்து காதருகே கேட்டாள்.

"அம்மா, லாரிக்கு யாரு மிதிச்சது?"

"நான்தான். பிரேக் இருக்குன்னு சொன்னேனே, யாரு கேட்டீங்க?"

"நீயா? எப்போ?"

"ஒரு மாசம் ஆச்சு. நான் சட்டுனு காலை எடுத்துட்டேன்னு என்ன திட்டு! மறுபடி முதல்லேருந்து. ரெண்டு நாள் முழங்கால் மடங்கல எனக்கு." அம்மாவின் முகத்தில் சிரிப்பு வருவது போல வந்து, கோணிக்கொண்டது.

"அப்போ எனக்கு எதுக்கும்மா வாரா வாரம் போன் பண்ணாரு?"

அம்மா கண்ணாடியின் மேல் படிந்திருந்த ஈரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். இரண்டு முறை துடைத்தாள்.

"வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா அப்புறம் என்ன சொல்லி அவளைக் கூப்பிடறதுன்னாரு."

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். மாமா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலில் நின்று மணியைப் பார்த்தான்.

"வண்டி ஓகேவா? கிளம்பலாமா?"

"முன்னாடி ரெண்டு வீல் பாக்கி இருக்கு," என்றாள்.

"அதுல பார்க்க ஒண்ணுமில்லம்மா," என்றார் மாமா.

"இருக்கட்டும் மாமா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"மிதி."

மிதித்தாள்.

"பிடி."

பெடல் மெல்ல இறங்கி அடியில் நின்றது. அண்ணன் யாரிடமோ இன்னும் பத்து நிமிஷம் என்று சொல்வது கேட்டது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கீழிருந்து குரல் வரும்வரை, காலை எடுக்காமல் பிடித்திருந்தாள்.