வழிகாட்டியின் கையெழுத்து

மருத்துவ உயிரியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள் மூன்று துறைகளில் பத்துப் பத்து வாரம் வேலை பார்த்துவிட்டு, யாராவது ஒரு பேராசிரியரிடம் வழிகாட்டியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். வாடகைக்கு வீடு பார்ப்பது போலத்தான் என்று சீனியர்கள் கிண்டலடிப்பார்கள். என்ன, இங்கே பார்க்க வந்தவர்தான் வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் காட்ட வேண்டும்.

அந்த வருடம் சேர்ந்தவர்களில் ஒருத்தியான அவள் போன முதல் துறையில் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இரண்டாவது புற்றுநோய்த் துறை. அதன் தலைவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். தாங்கள் எதிர்பார்த்த முடிவுக்கு ஒத்துவராத அளவுகளை ஓசைப்படாமல் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தை வரைபடமாக்கும் கூட்டம் அது. பத்து வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். மூன்றாவது, நரம்பியல் துறையில் ஒரு மேடத்தின் சின்ன ஆய்வகம். அங்கேதான் மனசு ஒட்டியது. "நீ இங்கயே இரும்மா" என்று மேடமும் சொல்லியிருந்தார்.

சும்மா இருந்திருக்கலாம். ஆய்வுக்காக வளர்க்கும் செல்களைப் புதிதாகக் கையில் வாங்கினால் முதலில் கிருமிச் சோதனை செய்ய வேண்டும் என்று படித்ததை அப்படியே செய்து தொலைத்தாள். எல்லாத் தட்டிலும் கிருமி. பதறிப்போய், உறைபெட்டியில் கிடந்த பழைய குப்பிகளையும் எடுத்துச் சோதித்தாள். நாலு வருடமாகவே இருந்திருக்கிறது; அந்தச் செல்களில் எடுத்த முடிவு எதையும் இனி நம்ப முடியாது. அதை மேடத்திடம் தனியாகச் சொல்லாமல், திங்கட்கிழமைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினாள். பாராட்டுவார்கள் என்று நினைத்தாள், பாவி.

அந்தச் செல்களை நம்பி ஆய்வேட்டைப் பாதிவரை எழுதியிருந்த சீனியர் அக்கா எழுந்து போனாள். அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை, கையெழுத்து வாங்கிய படிவத்தை அலுவலகத்தில் கொடுக்கக் கடைசி நாள், மேடம் கூப்பிட்டார். "நீ செஞ்சது சரிதாம்மா. ஆனா உன் சீனியர் எல்லாத்தையும் முதல்லேருந்து செஞ்சாகணும், இருக்கிற பணம் அதுக்கே சரியாப் போயிடும். புதுசா ஒருத்தரை வச்சுக்க இப்ப என்னால முடியாது."

கோபப்பட்டிருந்தாலாவது தாங்கியிருப்பாள்.

ஐந்து மணிக்குள் கையெழுத்து வராவிட்டால் படிப்பே போய்விடும். நாலரைக்குப் பெரியவர் அறையில் நின்றாள்.

அவர் படிவத்தைப் புரட்டினார். "அந்த லேப்ல நடந்ததைக் கேள்விப்பட்டேன். இங்கயும் வந்து பழைய பெட்டியையெல்லாம் கிளறிட்டிருப்பியா?"

"மாட்டேன் சார்."

அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டாள். அவர் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

பயத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று படியிறங்கும்போது தன்னையே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. மனசாரத்தான் சொல்லியிருந்தாள். அலுவலகத்தை நோக்கி ஓடும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.