நடுப்பலகை

வினோஜா நடைவழி விரிப்பின் மேல் ஏறி நின்றாள். சுவரிலிருந்த சிறு பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. இறங்கினாள், அணைந்தது. விரிப்புக்கு அடியில் மெல்லிய தகடு. காலையில் எழுந்து நடப்பவரின் பாரம் பட்டதும் அது நகரசபைக்குச் சேதி அனுப்பும். சேதி வராவிட்டால், விழுந்துவிட்டார் என்று ஆட்கள் ஓடிவருவார்கள். அதைப் பொருத்துவதும் திருத்துவதும் அவள் வேலை.

"மெஷின் வடிவா வேலை செய்யுது, அங்கிள்."

"அப்ப ஏன் பிள்ளை, மனிசி எழும்பிக் கோப்பி குடிச்சுக்கொண்டிருக்கேக்கை சனம் கதவை உடைக்கிற மாதிரி வருது?" அந்த வீட்டு மூதாட்டி ஹென்னியைப் பராமரிக்கத் தினமும் வரும் சிவானந்தன் கேட்டார். "இன்னொருக்கா இப்பிடி நடந்தா முதியோர் இல்லத்துக்குத்தான் அனுப்புவினம். அங்கை போனா இவ தாங்கமாட்டா."

வினோஜா, நூறு வயதை நெருங்கும் ஹென்னியிடம் நோர்வேஜிய மொழியில், வழக்கம்போலச் சமையலறைக்குப் போகச் சொன்னாள்.

ஹென்னி சுவரில் விரல்நுனிகளை வைத்தார். பாதத்தின் வெளிவிளிம்பை முதலில் ஊன்றி, பிறகு மெல்ல முழுப் பாதத்தையும் இறக்கி, சுவரை ஒட்டியே போனார். விரிப்பில் கால் படவேயில்லை. அந்தப் பழைய மாடிவீட்டின் பலகைத் தரை மூச்சுக்கூட விடவில்லை.

வினோஜா மண்டியிட்டுப் பார்த்தாள். சுவரோரம் பலகையின் நுனி அடியிலுள்ள உத்தரத்தில் இறுகியிருக்கிறது, மிதித்தால் வளையாது. நடுவில் வளையும். வளையும்போது ஆணியோடு உரசும். அந்த உரசல்தான் கிறீச்சிடல்.

"ஏன் ஓரமா நடக்கிறீங்கள்?"

"ஓரமாவா?" ஹென்னி தன் கால்களை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க்காலம். அவருக்குப் பதினேழு வயது. யூதர்கள் என்பதால் அம்மாவையும் அப்பாவையும் வதைமுகாமுக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். ஒரு பள்ளி ஆசிரியை அவரைத் தன் மாடிவீட்டில் ஒளித்துவைத்தாள். கீழ்வீட்டில், யூதர்களைப் பிடித்துக்கொடுக்கும் ஒரு பொலிஸ்காரன். ஆசிரியை வேலைக்குப் போனபின், மேலே ஆளில்லாத வீடாகவே இருக்கவேண்டும். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் சுவீடனுக்குக் கடத்தப்படும்வரை சத்தம் போடாத இடத்தை ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டார்.

"பிறகு கலியாணம் கட்டினன். மனிசன் என்னைப் பூனை எண்டுதான் கூப்பிடுவார். நான் அதைச் செல்லம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

வினோஜா அந்தக் கால்களைப் பார்த்தாள். சுவீடனில், திரும்பி வந்த ஒஸ்லோவில், பிள்ளைகள் வளர்ந்த வீடுகளில், இவருக்கே சொல்லாமல் இந்தக் கால்கள் இவரை ஒளித்துக்கொண்டே வந்திருக்கின்றன.

"தகட்டைச் சுவரோரம் மாத்திவிடுறன். நீங்கள் இஞ்சையே இருக்கலாம்."

"அப்ப நான் ஒளிஞ்ச இந்த ஓரமும் நகரசபைக்குத் தெரியவரும், என்ன?"

வினோஜா தகட்டைக் கழற்ற எடுத்த திருப்புளியைக் கீழே வைத்தாள். சிவானந்தன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹென்னி எழுந்தார். சுவரிலிருந்து கையை எடுத்தார். நடைவழியின் நடுவே வந்து, விரிப்பின்மேல் முழுப் பாதத்தையும் வைத்தார்.

கிறீச்.

யாரும் சொல்லாமலே மூவரும் மூச்சை அடக்கித் தரையைப் பார்த்தார்கள். கீழ்வீட்டில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே ஓடியது. ஏதோ ஒரு சட்டிமூடி விழுந்து உருண்டு அடங்கியது.

ஹென்னி காலை எடுக்கவில்லை. சுவரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.