இருபத்தோராம் நாள் சாட்சி

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியிலிருந்து பாறசாலை வரும்வரை ஷாலு கையிலிருந்த ரத்தப் பரிசோதனைத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிள்ளை வேண்டி மூன்றாவது தடவை போட்டுக்கொண்ட ஊசிகளும் வீண். கருமுட்டை வளரவில்லை என்று டாக்டர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

மெதுவாக ஒரு மூன்று கிலோ குறைத்தால் நல்லது என்று அவர் முன்பு சொன்னபோது மாமியார் சுகிர்தபாயும் கூட இருந்தாள். 'மெதுவாக' மட்டும் அவள் காதில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, மருமகளுக்கு உடம்புத் தடி கூடிப்போனதால்தான் கர்ப்பம் தங்கவில்லை, இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் வேண்டும் என்று அறிவித்தாள். அன்றிலிருந்து ஊர் வாயில் ஷாலுவின் வயிறுதான். அவளுக்குப் பகலெல்லாம் பாலில்லாத கட்டன்சாயா, அந்தி ஜெபம் முடிந்தால் இரண்டு அகப்பை கஞ்சி. கணவன் சஜனுக்கு மட்டும் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும். அவன் வேலைக்குப் போகிறவனாம். தனுவச்சபுரம் காலேஜ் வாசல் கடையில் நாள் முழுக்க நின்று ஜெராக்ஸ் எடுக்கிறவள் பின்னே எங்கே போகிறாள்?

அவனைப் பரிசோதிக்க டாக்டர் எழுதிய நான்கு சீட்டும் அவன் பைக் பெட்டிக்குள் அப்படியே கிடந்தன.

அன்றுதான் உபவாசத்தின் கடைசி நாள். முன்னறையில் பாய் நிறையப் பெண்கள். ஜெபம் முடிந்ததும், வழக்கப்படி எழுந்து சாட்சி சொல்லச் சொன்னாள் சுகிர்தபாய்.

ஷாலு தாளை விரித்தாள்.

"லெப்டின்னு ஒரு ஹார்மோன் உண்டு. நம்ம உடம்புக் கொழுப்புல இருந்து வாறதாக்கும். பட்டினி கெடந்தா அது சட்டுன்னு கொறையும். கொறஞ்சா மூள நினைக்குமாம், இவளுக்கே திங்க இல்ல, இவ எப்பிடி பிள்ளய சொமப்பான்னு. எனக்கு பாதிக்கு மேல கொறஞ்சாச்சு. இதாக்கும் எனக்க சாட்சி."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

"கர்த்தர் சோதிக்கியாரு மக்கா," என்றாள் சுகிர்தபாய். "இன்னும் ஒரு இருபத்தொரு நாளு பிடிப்போம்."

ஷாலு அடுக்களைக்குள் போனாள். சஜனுக்கு மூடி வைத்திருந்த மரச்சீனியையும் கறிச்சட்டியையும் அப்படியே தூக்கி வந்து பாயின் நடுவே உட்கார்ந்தாள். கதவோரம் நின்ற சஜன் முகம் வெளிறிப்போய், ஆட்கள் இருக்கிறார்கள் என்று மெல்லச் சொன்னான்.

"இருக்கட்டும். எனக்கு பசிக்குது." ஒரு வாய் விழுங்கிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கு அந்த சீட்ட எடுத்துட்டுப் போயி உங்களுக்க டெஸ்ட்ட எடுங்க. நீங்க பட்டினி ஒண்ணும் கெடக்காண்டாம்."

பாயில் இருந்த பெண்களில் சிஜி என்பவள் வாய்க்குள் சிரித்து, அதை இருமலாக்கினாள். சுகிர்தபாய் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினாள். ஷாலு மீன்தலையைச் சத்தமாக உறிஞ்சினாள். அவர்கள் நான்கு சரணமும் பாடி முடித்தபோது சட்டியும் காலி.