இடது கை முழம்

அந்தத் தெருவில் யார் எந்தச் சாமானை வாங்கினாலும் அதன் எடை கடைசி வீட்டம்மாளின் இடது கையில் வந்து இறங்கியது. வாங்கியவர்கள் பையை வீசி ஆட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். அவள் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி சுமந்தாள். வெங்காயம் மலிந்த வருஷங்களில் கை அதிகம் தொங்கியது, விலை ஏறிய வருஷங்களில் சற்று ஓய்வு கிடைத்தது. இதைப் பற்றித் தெருவில் யாரும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தைப் பற்றிப் பேசவே அவர்களுக்குப் பொழுது போதவில்லை.

அவளுடைய கணவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவர் கடைவீதி முனையில் திரும்பினாலே தராசுத் தட்டுகள் பயந்துபோய் நேராக நிற்கும் என்பார்கள். ஓய்வுக்குப் பிறகு பறிமுதல் செய்ய ஒன்றும் கிடைக்காமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். பால்காரரின் அளவுக் குவளையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைக் கண்டித்தார். ஒரு நாள் மனைவியின் தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்துத் தன் இரும்பு அளவுகோலோடு ஒட்டவைத்துப் பார்த்ததில், பழகிப் பழகி அது ஒரு விரல்கடை நீண்டுபோயிருப்பது தெரிந்தது. தப்பளவு எங்கே கண்டாலும் அங்கேயே அழிக்க வேண்டும் என்பது விதி. அவளுடைய கத்தரிக்கோலையே வாங்கி டேப்பைத் துண்டு துண்டாக வெட்டிப்போட்டார். “முத்திரை போட்டதா ஒண்ணு வாங்கித் தர்றேன்” என்றார். அந்த ஒன்று இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

வெறுங்கை முழம் போடுமா என்று கேட்பார்கள். போட்டது. அவள் அன்று பழைய ஜன்னல் திரையில் ஒரு கடைப் பை தைத்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் இரட்டைத் தையல், அடியில் இரண்டு மூலைகளையும் கிள்ளி மடித்துக் குறுக்கே ஓட்டினால் பை தரையில் உட்கார்ந்து நிற்கும். மிச்சம் இரண்டு கைப்பிடிகள்தான். அளக்க டேப் இல்லாததால் இடது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம், அதற்கு மேல் நாலு விரல் என்று துணியைத் தன் கைமேலேயே போட்டு வெட்டினாள். மூன்றாக மடித்து, நான்கு பக்கமும் கட்டம் கட்டி, நடுவில் பெருக்கல் குறி போட்டு இறுக்கினாள். யானையைப் போட்டுத் தூக்கினாலும் அறுந்துபோகாத தையல்.

அதே வேளையில் கூடத்தில் தகப்பனும் மகளும் முட்டிக்கொண்டிருந்தார்கள். தன் பழைய அலுவலகத்திலேயே மகளுக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தார் அவர்.

“நாலு பேரோட தராசைப் பிடுங்கிட்டு வர்ற வேலை எனக்கு வேணாம்பா.”

“அந்தத் தராசுதான் உனக்குச் சோறு போட்டுச்சு. வேலை வேணாம்னா இந்த வீட்டுச் சோறும் வேணாம்.”

தாய் குறுக்கே ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த துணியில் குத்தி முடிப்பதற்குள் மகள் மெஷின்மேல் கிடந்த பையை எடுத்து, இரண்டு ஜோடித் துணியும் செருப்பும் அதில் திணித்து, வாசலைத் தாண்டிவிட்டாள். எந்த ஊருக்குப் போனாள் என்று தெரியவில்லை. போன் எண்ணை மாற்றிவிட்டாள். தாய்க்கு அழுகை வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. கோபமும் வரவில்லை. கால் மரத்துப்போனால் உதறிக்கொள்ளலாம். இது எங்கே மரத்திருக்கிறது என்று தெரியாததால் எதை உதறுவது என்றும் தெரியவில்லை. சமைத்தாள், துவைத்தாள், விளக்கை அணைத்தாள்.

சில நாள் கழித்துப் பாத்திரம் துலக்கும்போது இடது கை கொஞ்சம் கீழே இழுத்தது. யாரோ எதையோ மாட்டிவிட்டாற்போல. வலி இல்லை, எடை மட்டும். அந்த எடை கொஞ்ச தூரம் நடந்தது, நின்றது, மேலே ஏறியது, மூச்சு வாங்கியது, மறுபடி ஏறியது, சட்டென்று இல்லாமல் போனது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, “மாடி வீட்டுல இருக்கா. உருளைக்கிழங்கு வாங்கியிருக்கா” என்றாள். கணவர் ஏற்கனவே படித்து முடித்த பக்கத்தை மறுபடி படிக்கத் தொடங்கினார். அவள் அதற்குமேல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை கை இழுக்கும். அந்த நேரம் செய்கிற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அது ஒன்றுதான் அவளுக்குள் மரத்துப்போகாமல் மிஞ்சியிருந்த இடம்.

அப்போதுதான் குடியிருப்போர் சங்கத் தலைவர் பிளாஸ்டிக்கை ஒழிக்க முடிவு செய்தார். திறப்பு விழாவுக்கு அழைப்பு வராத வாரங்களில் தன் வீட்டுக் கேட்டையே இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துக்கொள்கிற மனிதர் அவர். தெரு முனையில் ‘பிளாஸ்டிக் நம் எதிரி’ என்று அவர் படத்தோடு வைத்த பதாகை பிளாஸ்டிக். கூட்டத்துக்குப் போட்ட நாற்காலிகள் பிளாஸ்டிக். வீட்டுக்கு ஒரு பழைய துணி கொடுத்தால் கடைசி வீட்டம்மா பை தைத்துத் தருவார் என்று அவளைக் கேட்காமலேயே மேடையில் அறிவித்தார், கை தட்டினார்கள். மறுத்துப் பேச அவளுக்குத் தெம்பு இல்லை. வேலை இருந்தால் பொழுது நகரும் என்று வாங்கிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் வீட்டுப் படுக்கை விரிப்பு, கணக்கு வாத்தியாரின் பேன்ட் (பாக்கெட்டை அப்படியே வைக்கச் சொன்னார், சில்லறை போட்டுக்கொள்ள), யாரோ ஒருவரின் மேஜை விரிப்பு. எல்லாவற்றுக்கும் கைப்பிடி அவளுடைய இடது கை முழமும் நாலு விரலும்.

பைகள் கனக்கவே இல்லை என்பதைத் தெரு சீக்கிரமே கண்டுபிடித்தது. ஆச்சரியப்பட யாருக்கும் தோன்றவில்லை, அவரவருக்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. மருந்துக்கடைக்காரர் தான் விழுங்கும் மாத்திரையைச் சொன்னார். வாத்தியார் காலை நடையைச் சொன்னார். தலைவர் தன் தலைமையைச் சொன்னார். கனம் இல்லை என்றானதும் எல்லோரும் இஷ்டத்துக்கு வாங்கினார்கள். பூசணிக்காய் என்றால் முகம் சுளித்தவர்கள்கூட ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, அலமாரிக்குக் கீழே உருட்டிவிட்டு மறந்துபோனார்கள். கடைசி வீட்டில் அவள் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டாள். மேஜைக் கால் ஒன்று தரையில் இறங்கியது. வருஷம் ஆக ஆகக் கை இரண்டு விரல்கடை நீண்டது. முழமும் கூடவே நீண்டதால் பிறகு தைத்த பைகள் முழங்காலில் இடித்தன. அதுதான் புது மாடல் என்று எடுத்துக்கொண்டார்கள். டாக்டரிடம் காட்டினாள். “வயசாகுதுல்லம்மா, கால்சியம் குறைச்சல்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவள் தைத்த பையை ஒரு விரலில் சுழற்றிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்.

கணவருக்கு மட்டும் இதில் ஒரு புத்துயிர் வந்தது. பழைய வில்தராசைத் தேடி எடுத்து அவள் மணிக்கட்டில் மாட்டி முள்ளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கி, அந்த நேரத்தில் யார் பையோடு வருகிறார்கள் என்று கவனித்து, காய்கறிக்கடையில் போய் நின்றார். “எடை குறையுதுய்யா உங்கிட்ட.” காய்கறிக்கடைக்காரர் தலையைத் தூக்காமலேயே, “சார், உங்க வீட்டம்மா கை என்ன முத்திரை போட்ட கையா?” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் திரும்பி வந்து தராசைச் சுவரில் மாட்டினார்.

ஒரு சாயங்காலம் அவளுக்கு ஒன்று உறைத்தது. மாடிப்படி ஏறுகிற அந்த எடையை அவள் உணர்ந்து நெடுநாள் ஆகியிருந்தது. நின்றுபோனதா, அல்லது இத்தனை பூசணிக்காய்களுக்கு அடியில் அமுங்கிப்போனதா என்று சொல்ல முடியவில்லை. சந்தைக்கூட்டத்தில் ஒரு குழந்தையின் குரலைப் பிரித்துக் கேட்கப் பார்ப்பதுபோல் கண்ணை மூடித் தேடினாள். மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சோப்பும் வாத்தியார் வீட்டு மாவும்தான் கையில் தட்டின. மறுநாள் நீண்ட கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பைகளைத் திருப்பிக் கேட்டாள்.

“எதுக்குக்கா? எங்களுக்கு ஒண்ணும் கனமாவே இல்லையே” என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி.

“உங்களுக்கு இல்லம்மா. எனக்குக் கனக்குது.”

“தூக்குறது நாங்க, கனக்குறது உங்களுக்கா? நல்லா இருக்கே கதை! துணி வேணும்னா சொல்லுங்கக்கா, இன்னொரு பழைய விரிப்பு கிடக்கு, தர்றேன்.”

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே பதில்தான். சிலர் உட்காரச் சொன்னார்கள், சிலர் அதுவும் சொல்லவில்லை.

அந்த மாதம் முன்மாதிரித் தெருவுக்கு நகராட்சி விருது தரப்போகிறது என்று செய்தி வந்தது. தலைவர் கடைசி வீட்டுக்கு நேரில் வந்தார். பையில் தன் பெயரைப் போட வேண்டும், ஆனால் தானாகப் போட்டுக்கொண்டது போலத் தெரியக் கூடாது, அதற்கு ஏதாவது வழி உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அவள் கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்தாள்.

“பேரை யாருங்க படிக்கிறாங்க? கைப்பிடியை உங்க கை அளவுக்கு வெச்சிட்டா, தினமும் எல்லாரும் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க.”

தலைவர் யோசித்தார். யாரும் எதிர்பாராதபடி, மூலையில் உட்கார்ந்திருந்த கணவர் தன் பழைய அலுவலகக் குரலில் பேசினார். “அளவுன்னா அது பெரிய மனுஷன் கையிலேர்ந்துதான் வரணும், சார். ராஜா காலத்துலயே அப்படித்தான். ராஜா கைதான் முழம்.” தன் ஆயுளில் ஒரு தப்பளவுக்கு அவர் சாட்சி சொன்னது அந்த ஒரு முறைதான். மனைவியின் பக்கம் அவர் திரும்பவில்லை.

“என் கையா? அது சாதாரணக் கைதானே” என்று சொல்லும்போதே தலைவர் சட்டையை மடித்துவிட்டிருந்தார். மேடையில் அசைத்துப் பழகிய வலது கையையே நீட்டினார். போட்டோ எடுத்தார்கள். அடுத்த கூட்டத்தில் ‘தலைவர் முழம்’ தீர்மானமாக நிறைவேறியது. கேட்டபோது கதவைப் பாதி திறந்தவர்கள் எல்லாம் இப்போது பழைய பைகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு கடைசி வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். பழைய பிடி வைத்த வீடு என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? அவள் ஒவ்வொன்றாகத் தையலைப் பிரித்து, தலைவர் முழத்தில் புதுப் பிடி வைத்தாள். ஒவ்வொரு பழைய பிடி கழலும்போதும் கை ஒரு பிடி மேலே எழும்பியது.

அடுத்த சந்தை நாளில் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது வலது தோள் இறங்கியது. கூடவே தலையும் இறங்கி, உடம்பு முன்னால் வளைந்தது. நிமிரப் பார்த்தார், முடியவில்லை. கூட்டம் ஒரு கணம் அசந்துபோய்ப் பிறகு கை தட்டியது. இவ்வளவு பெரிய மனிதர் நம்மைக் கும்பிட்டுக் குனிகிறாரே என்று முதியவர்கள் நெகிழ்ந்தார்கள். அவரைக் கண்டாலே ஆகாதவர்கள்கூட, “பதவி வந்தும் பணிவு போகலை, பாரு” என்றார்கள். டாக்டர் கால்சியம் எழுதினார். அந்தத் தெருவின் உருளைக்கிழங்கையும் பூசணிக்காயையும் சுமந்து குனிந்தபடியே தலைவர் நகரசபைத் தேர்தலில் நின்று, குனிந்தபடியே ஜெயித்தார். அதன் பிறகு அவர் நிமிரப் பார்க்கவே இல்லை. நிமிர்ந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

கடைசி வீட்டில் அவள் இடது கை, காயப்போட்ட சட்டைக் கைபோல, ஒன்றும் இல்லாமல் ஆடியது. இப்போது அதில் இறங்கக்கூடியது ஒரே ஒரு பைதான். அது இறங்கவில்லை. மழைக்காலம் வந்து போனது. தக்காளி விலை ஏறி இறங்கியது. பை கிழிந்திருக்கலாம், தூக்கிப் போட்டிருக்கலாம், பைக்கு உரியவளே படுத்திருக்கலாம். எதை நினைத்தாலும் மனசு ஒரே மாதிரி சும்மா கிடந்தது. கணவர் தினமும் விளக்குப் போடும்போது, “ஏதாவது?” என்பார். எது என்று சொல்லமாட்டார். “இல்ல” என்பாள். இருவரும் சாப்பிட உட்காருவார்கள்.

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஒரு பகலில் கை இழுத்தது. அவள் உரித்ததை அப்படியே விட்டாள். எடை நடந்தது, நின்றது, படி ஏறியது. ஆனால் பழைய மாதிரி நேராகத் தொங்கவில்லை. சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கம் காலியாக இருந்தது. கணவர் எதிரே வந்து நின்றார்.

“வந்துடுச்சா?”

“ம்.”

“எவ்வளவு இருக்கும்? அரைக் கிலோவா?”

“எனக்கு அரைக் கிலோ. வாங்கியிருக்கிறது ஒரு கிலோ.” அவள் கையைச் சற்றுத் திருப்பிப் பார்த்தாள். “ஒரு பிடி அறுந்திருக்குங்க. அதான் இத்தனை நாளா வரலை. புதுப் பிடி அவளே வெச்சிருக்கா, அவ கையில அளந்து. பாதியை அவ தூக்குறா.”

அவர் குனிந்தார். கீழே உருண்டிருந்த ஒரு பட்டாணியை எடுத்துத் தட்டில் போட்டார்.

“தையல் எப்படி?” என்று கேட்டார்.

“சுமார்தான்” என்றாள் அவள். “ஆனா தாங்கும்.”