பேப்பரில் வந்த ஆள்

முருகம்மாள் வந்தபோது தனுஷ்கோடி கண்ணாடி முன்னால் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் வெடிவிபத்து விசாரணைக்கு அதிகாரி வருகிறார். வெள்ளைச் சட்டை போட்டு வரச் சொல்லி மேனேஜர் ஆள் விட்டிருந்தார். சட்டை தேய்த்துக் கொடியில் தொங்கியது. புருசன் செத்துப் பதினாறு முடிந்து நாலு நாள்கூட ஆகாததால் அவள் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, கம்பெனியில ஒரு பேச்சு பேசுறாக. பதினோரு நம்பர் ரூம் ஆளு ஒம்பது நம்பர் ரூம்ல எப்படிச் செத்தான்னு கேக்குறாக. வேலைய விட்டுட்டு அங்கன போயி, கைய வச்சு, எதையோ உரசிட்டாராம். அவராலதான் வெடிச்சுச்சாம்." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "வெடிச்ச பொறவுதான் அவரு ஓடியிருக்கணும். நீக உள்ள இருந்தீக. பாத்திருப்பீக. அத மட்டும் அந்த ஆபீசர்கிட்ட சொல்லிருங்கண்ணே."

அவள் அவனைப் பார்த்துப் பேசவில்லை. அவனுக்குப் பின்னால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்துத்தான் பேசினாள். பேப்பரில் வந்த படம். கூட வேலை பார்க்கும் இருளம்மாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தனுஷ்கோடி ஓடி வருகிறான். பின்னால் கரும்புகை. கீழே, 'தீக்குள் புகுந்து பெண்ணை மீட்ட தொழிலாளி' என்று கொட்டை எழுத்து.

நடந்தது வேறு. ஆவணி மாதம், தீபாவளி சீசன். சாத்தூருக்கு மேற்கே கரிசல் காட்டுக்குள் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்ற லாரி வந்து நின்ற நேரம், ஒன்பதாம் நம்பர் ரூமில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்தும்போது தீப்பிடித்தது. பத்தாம் நம்பரில் இருந்த தனுஷ்கோடி மற்ற எல்லோரையும் போலத்தான் ஓடினான். வேலிக்கருவேல முள் காலில் ஏறியதுகூடத் தெரியாமல் வேலிவரைக்கும் ஓடி, மற்றவர்கள் காட்டுக்குள் ஓடிவிட்ட பிறகும் அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். முருகம்மாளின் புருசன் சங்கிலிமுத்து பதினோராம் நம்பரிலிருந்து வந்து, தொட்டித் தண்ணீரில் சாக்கை முக்கித் தலையில் போட்டுக்கொண்டு புகைக்குள் போனான். இருளம்மாளைத் தூக்கி வந்து வேப்பமரத்தடியில் கிடத்தினான். "ஏலே, இவளத் தூக்கிட்டுப் போ. இன்னும் ஆளு கெடக்கு" என்று வேலியைப் பார்த்துக் கத்திவிட்டு மறுபடியும் உள்ளே போனான். அப்போதுதான் இரண்டாவது தடவை வெடித்தது. கூரை இறங்கியது. தனுஷ்கோடி மரத்தடிக்கு ஓடி இருளம்மாளைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினான். புகையைப் பார்த்து வந்த நிருபரின் கேமரா ஒன்று கேட்டில் நின்றது.

முதல் நாள் அவன் பொய் சொல்லவில்லை. நிருபர் பேர் கேட்டார், சொன்னான். "உள்ள போறப்ப பயமா இல்லையா?" என்று கேட்டார். "அந்த நேரத்துல அதெல்லாம் எங்கய்யா தோணும்" என்றான். அதுவும் பொய் இல்லை என்றுதான் அவனுக்குத் தோன்றியது. மறுநாள் காலையில் டீக்கடை அய்யாத்துரை தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்து, "உக்காருங்க" என்றார். நாற்பத்திரண்டு வயதில் தனுஷ்கோடிக்காக யாரும் பெஞ்சைத் துடைத்ததில்லை. அவன் இருக்கிற இடத்தில் இருப்பதே பிறருக்குத் தெரியாது. ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை வேலையில் இருந்த மச்சினன் பெத்தணன், கோயில் கொடைக்கு வந்தால் அவனை அடுப்படிப் பக்கம் அனுப்பிவிட்டு மற்றவர்களோடு பேசிக்கொண்டிருப்பான். அந்தப் பெத்தணன் இப்போது பெண்டாட்டி பிள்ளைகளோடு பஸ் ஏறி அவனைப் பார்க்க வந்தான். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க அத்தான், எப்படி நடந்துச்சு?" என்று கேட்டான். தனுஷ்கோடி சொன்னான். சொல்லச் சொல்லப் புகையின் நிறமும் நெடியும் அவனுக்கே நன்றாகப் பிடிபட்டன. மூன்றாம் நாள் சொல்லும்போது நனைந்த சாக்கு அவன் தலைக்கு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது, இருளம்மாள் கட்டுப்போட்ட கையால் கும்பிட்டாள். "யாரு தூக்குனாகன்னே எனக்குத் தெரியலண்ணே. பேப்பரப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். அந்த வார்டில் இருந்த அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முருகம்மாள் போன பிறகு அவன் மனைவி சீனியம்மாள் அடுக்களையிலிருந்து வந்தாள். விபத்தன்று சாயங்காலம் அவன் பாதத்தைத் தன் மடியில் வைத்து ஊக்கால் ஒன்பது முள் எடுத்தவள் அவள். அவன் உடம்பில் ஒரு ரோமம்கூடப் பொசுங்கியிருக்கவில்லை. இந்த இருபது நாளில் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ரெண்டு பேரும் உள்ள போனோம்னாவது சொல்லுங்க" என்றாள். "பாவம், அவளுக்கும் பொட்டப்புள்ள இருக்கு."

"சரி" என்றான். சொல்லிவிடுவது என்றுதான் நினைத்தான். நானும் போனேன், அவனும் வந்தான். இதில் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? படுக்கிறவரைக்கும் அந்த வாக்கியத்தை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

கம்பெனி ஆபீஸ் அறையில் அதிகாரி அவனைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கதானா அது? எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு உங்க படத்தைக் காட்டினேன்" என்றார். மேனேஜர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அறையில் தனுஷ்கோடி இதுவரை நின்றுதான் பேசியிருக்கிறான்.

"சங்கிலிமுத்து எப்ப உள்ள வந்தாரு? நீங்க போகும்போது அங்க இருந்தாரா?"

வாய்க்குள் வைத்திருந்த வாக்கியம் நுனிநாக்குக்கு வந்தது. "அவரும்..." என்று ஆரம்பித்தான்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "அவரும் காப்பாத்தத்தான் வந்தாரா? அப்ப அந்தம்மாவ ரெண்டு பேருமா தூக்கினீங்க? யாரு தலைப்பக்கம், யாரு கால்பக்கம்? விவரமா சொல்லுங்க, எழுதணும்."

ஜன்னல் வழியே முருகம்மாள் தெரிந்தாள். காலையிலிருந்தே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். தனுஷ்கோடி வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"ஒரே புகைங்கய்யா" என்றான். "அந்தப் பொம்பளையத் தவிர நான் யாரையும் பாக்கல."

அதிகாரி எழுதிக்கொண்டார். பத்து நாள் கழித்து, 'தொழிலாளியின் அஜாக்கிரதையே விபத்துக்குக் காரணம்' என்று பேப்பரில் நாலு வரிச் செய்தி வந்தது. ஒன்பதாம் ரூமில் செத்துப்போன இன்னும் இரண்டு பேரின் சொந்தக்காரர்கள், ஊர் முனையில் ஒட்டியிருந்த சங்கிலிமுத்துவின் அஞ்சலிப் போஸ்டர்மேல் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். பொதுக்குழாயில் முருகம்மாள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடங்களைத் தள்ளி வைத்தார்கள். ஐப்பசி பிறக்குமுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு மல்லாங்கிணற்றில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு மகளோடு கிளம்பிவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் தனுஷ்கோடி எதிர்ப்பட்டான். ஒதுங்கிப் போக இடமில்லை. காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றான். அவள் மகளை முன்னால் தள்ளி, "மாமாட்ட சொல்லிட்டு வா" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "நீக பாத்திருந்தா சொல்லாமலா இருப்பீக. எங்க கெரகம், அந்தப் புகையில அவரு ஒங்க கண்ணுல படாம போயிட்டாரு."

பஸ் வந்தது. தனுஷ்கோடி அவர்களுடைய மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டான்.

தை மாதம் கம்பெனியை மறுபடி திறந்தார்கள். புது ஆட்கள் வேலைக்கு வரப் பயந்தார்கள். மேனேஜர் தனுஷ்கோடியை மருந்து செலுத்தும் ரூமிலேயே போட்டார். "நீ உள்ள இருந்தா பொம்பளையாளுக தைரியமா வருவாளுக" என்றார். அது சரியாகவே இருந்தது. கல்யாணமாகி ஆறு மாதமே ஆன சினேகா என்ற பெண், வந்த முதல் நாளே அவனுடைய ரூம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த ரூமில் ஒரு பக்கக் கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரு வாசல்தான். தீப்பிடித்தால் முதலில் ஓடலாம் என்பதால் வாசலை ஒட்டிய இடத்துக்கு எப்போதும் சண்டை வரும்.

"நீ இங்கன உக்காரும்மா" என்று தனுஷ்கோடி வாசல் பக்கத்தைக் காட்டினான். "நான் உள்பக்கம் இருந்துக்கிடுறேன்."

"அய்ய, நீங்க வாசல்ல இருங்க மாமா. காத்து வரும்" என்று சிரித்தாள் அவள். "நீங்க இருக்கையில எனக்கென்ன பயம்? எங்க வீட்டு ஆளும் அதச் சொல்லித்தான் அனுப்புனாக."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மற்ற மூன்று பெண்களும் கைவேலையை நிறுத்திவிட்டு, பேப்பரில் வந்த ஆள் என்ன சொல்லப்போகிறார் என்று ஆவலாகப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல. கவனமா இருங்க" என்றான்.

அவள் அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அலுமினியப் பொடி படிந்து அவள் கை முழங்கைவரை வெள்ளியாக மினுங்கியது. காலை நன்றாக நீட்டிக்கொண்டு, மெல்லிசாக எதையோ பாடிக்கொண்டே, ஒவ்வொரு சட்டியாக எடுத்து மருந்தை அழுத்தத் தொடங்கினாள்.